வாரண்டி அட்டையும் வாங்கியவர் நியாயமும்

நம் ஊர்க் கடைத்தெருவில் ஒரு சம்பிரதாயம் உண்டு. முழுத் தேங்காயாக வாங்கிக்கொண்டு போய், வீட்டில் உடைத்துப் பார்க்கையில் அது அழுகலாக இருந்துவிட்டால், அந்த இரண்டு மூடிகளையும் எடுத்துக்கொண்டு மறுநாள் வந்து நிற்கிறவரிடம் கடைக்காரர் ரசீது கேட்பதில்லை. "நீங்கள் எங்காவது கீழே போட்டிருப்பீர்கள்" என்று பழி சுமத்துவதில்லை. முகத்தைச் சற்றே சுளித்துக்கொண்டாலும், வேறொரு காயைத் தட்டிப் பார்த்து எடுத்துக் கொடுத்துவிடுகிறார். ஓட்டுக்குள் ஒளிந்திருந்த குற்றம் விற்றவர் கண்ணுக்கும் தெரிந்திராது, வாங்கியவர் கண்ணுக்கும் தெரிந்திராது என்பதும், அப்படித் தெரியாமற்போன குற்றத்தின் நஷ்டம் கிரயத்தைப் பெற்றுக்கொண்டவரையே சாரவேண்டும் என்பதும், எந்தச் சட்டப் புத்தகத்தையும் புரட்டிப் பாராமலே இரு தரப்பாரும் ஒப்புக்கொண்டுவிட்ட தர்மம். முப்பது நாற்பது ரூபாய்ச் சாமானில் இத்தனை தெளிவாக விளங்கும் இந்தத் தர்மம், லட்சக்கணக்கில் பணம் கொட்டி வாங்கிய மடிக்கணினியிலோ கைப்பேசியிலோ தொலைக்காட்சிப் பெட்டியிலோ பழுது தோன்றியவுடன் நமக்கே மறந்துபோகிறது. குளிரூட்டிய அறையில் டோக்கனைக் கையில் பிடித்துக்கொண்டு, கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் ஓர் இளைஞர் என்ன தீர்ப்புச் சொல்லுவாரோ என்று முகம் வாடி உட்கார்ந்திருக்கிறோம்.

இந்த விஷயத்தைப் பற்றி எழுதவேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணம் என் தமக்கை மகள். கும்பகோணத்தில் வீட்டிலிருந்தபடியே புத்தக அட்டைகளும் விளம்பரப் படங்களும் வரைந்து கொடுத்துப் பிழைக்கிறவள் அவள். தொழிலுக்கென்று ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் கொடுத்து அவள் வாங்கிய மடிக்கணினியில், ஓர் ஆண்டு வாரண்டி முடிய இன்னும் அவகாசம் இருக்கையிலேயே, திரையில் செங்குத்தாக ஒரு கோடு விழுந்து, கோடு இரண்டாகி, பிறகு ஒருநாள் பெட்டி உயிர்பெறவே மறுத்துவிட்டது. திருச்சியிலுள்ள சர்வீஸ் சென்டருக்கு எடுத்துக்கொண்டு போய்த் திரும்பி வந்தவள் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்:

"மாமா, உள்ளே தண்ணி பட்டிருக்காம். லிக்விட் டேமேஜ், வாரண்டில வராதுங்கறாங்க. மதர்போர்டு மாத்தணும், எழுபதாயிரம் ஆகும்னு எஸ்டிமேட் கொடுத்துட்டாங்க."

"தண்ணீர் பட்டதா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்லை மாமா. ஆனா அவங்களே சொல்லும்போது நான் என்ன பேசறது?"

நீதிமன்ற அலுவலகத்தில் பல்லாண்டுக் காலம் காகிதங்களோடு காகிதமாய்க் கிடந்து ஓய்வு பெற்றவனாகிய எனக்கு, அந்தக் கடைசி வார்த்தைதான் உறுத்திற்று. பழுதைப் பார்த்தவர், பழுதின் காரணத்தை நிர்ணயித்தவர், அந்தக் காரணத்தால் வாரண்டி செல்லாது என்று தீர்மானித்தவர், பிறகு அதையே எழுபதாயிரம் ரூபாய்க்குச் சரிசெய்து தருகிறேன் என்று முன்வந்தவர் எல்லாரும் ஒருவரே என்றால், அந்தத் தீர்மானத்தைத் தெய்வ வாக்காக ஏற்றுக்கொண்டு திரும்பிவருவதற்கு என்ன முகாந்திரம் இருக்கிறது? ஒரு வழக்கில் பிரதிவாதியே நீதிபதியாகவும் அமர்வதை நாம் எங்கும் அனுமதிப்பதில்லை. சர்வீஸ் சென்டரில் மட்டும் அனுமதித்துவிடுகிறோம்.

இதற்கு மூலகாரணம், வாரண்டி அட்டைதான் நம்முடைய உரிமைப் பத்திரம் என்று நாம் கொண்டிருக்கும் மயக்கம் என்பது என் அபிப்பிராயம். அந்த அட்டையை எழுதியவர் உற்பத்தியாளர்; அவருடைய வக்கீல்கள் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்த்து, எதற்குத் தாம் பொறுப்பு, எதற்குப் பொறுப்பில்லை என்று தமக்குச் சௌகரியமான முறையில் வகுத்துக்கொண்ட வாக்குறுதி அது. வாக்குறுதி என்ற அளவில் அதற்கு மதிப்புண்டு. அதை அவர் மீறினால் கேட்கலாம். ஆனால் வாங்கியவருக்குள்ள உரிமைகளை அந்த அட்டை படைக்கவும் இல்லை, அந்த அட்டையின் கடைசித் தேதியோடு அவை அஸ்தமித்துவிடுவதும் இல்லை. அவை சட்டத்திலிருந்து வருகின்றன.

வானொலிப் பெட்டியே ஓர் அதிசயமாக இருந்த காலத்தில், 1930-இல் இயற்றப்பட்ட சரக்கு விற்பனைச் சட்டம் இன்றைக்கும் அமலில் இருக்கிறது. பொருளின் உபயோகத்தை விற்பவருக்குத் தெரிவித்து, அவருடைய அனுபவத்தை நம்பி ஒருவர் வாங்கினால், அந்த உபயோகத்துக்கு நியாயமான அளவில் அது தகுதியுடையதாக இருக்கவேண்டும் என்பதும், இன்ன சாமான் என்ற வர்ணனையின் பேரில் அதை விற்கும் தொழிலுடையவரிடம் வாங்கினால் அது சந்தையில் விலைபோகத்தக்க தரமுடையதாக இருக்கவேண்டும் என்பதும், ஒப்பந்தத்தில் ஒரு வார்த்தைகூட எழுதாவிட்டாலும் எழுதியதாகவே கொள்ளப்படும் என்று அந்தச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு சொல்லுகிறது. வாங்குமுன் பரிசோதித்தவர், அந்தப் பரிசோதனையிலேயே புலப்பட்டிருக்கக்கூடிய குறையைப் பிறகு கிளப்ப முடியாது என்று ஒரு விலக்கும் அதில் உண்டு. ஆனால் மதர்போர்டின் உள்ளே ஈயப்பற்று விட்டுப்போயிருப்பதைக் கடையில் நின்று யார் பார்த்துவிட முடியும்? அந்தச் சட்டத்தின் பலவீனம் வேறிடத்தில் இருந்தது. வெளிப்படையான ஒப்பந்தத்தின் மூலம் இந்த நிபந்தனைகளை விலக்கிவிட அது இடங்கொடுத்தது; நியாயம் கேட்கவேண்டுமானாலோ சிவில் கோர்ட்டுக்குப் போய், முத்திரைக் கட்டணம் கட்டி, வக்கீலை வைத்து, வாய்தா வாய்தாவாக அலையவேண்டும். ஒரு வானொலிப் பெட்டிக்காக அப்படி அலைந்தவர்கள் அபூர்வம்.

அந்த அவஸ்தைக்குப் பரிகாரமாகத்தான் 1986-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்ற நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்தத் தேதியைத்தான் ஆண்டுதோறும் நுகர்வோர் தினமென்று கொண்டாடி, பள்ளிக்கூடங்களில் பேச்சுப்போட்டி நடத்தி முடித்துவிடுகிறோம். அதன் இடத்தில் புதிதாக இயற்றப்பட்ட 2019-ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் அமலுக்கு வந்திருக்கிறது. தரத்திலோ அளவிலோ ஏற்படும் எந்தக் குறையும், அது ஒரு சட்டம் விதித்த தரத்துக்குக் குறைந்ததாயினும் சரி, எழுதிய ஒப்பந்தத்துக்குக் குறைந்ததாயினும் சரி, எழுதாமலே உணரப்படும் ஒப்பந்தத்துக்கோ வியாபாரி விளம்பரத்தில் பீற்றிக்கொண்டதற்கோ குறைந்ததாயினும் சரி, இந்தச் சட்டத்தின் கண்ணில் குறைபாடுதான். கடைச் சுவரில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று எழுதி மாட்டியிருக்கும் பலகையைப் பார்த்து அஞ்சவேண்டியதில்லை. பில்லில் ஒரு காலவரம்பு குறித்திருந்தால் அதற்குள்ளும், குறிக்காவிட்டால் 30 நாள்களுக்குள்ளும், குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதை நேர்மையற்ற வணிகமுறை என்றே சட்டம் பெயரிட்டு வைத்திருக்கிறது. பில் தராமல் விற்பதும் அதே வகைதான். ஆகவே, "பில் இல்லாமல் வாங்கினால் கொஞ்சம் குறைத்துத் தருகிறேன்" என்கிற நண்பர், குறைப்பது விலையை மட்டுமன்று.

பழுதை நீக்கித் தரச் சொல்லவும், வேறு புதிய பொருளைத் தரச் சொல்லவும், கிரயத்தை வட்டியோடு திருப்பச் சொல்லவும், பட்ட நஷ்டத்துக்கும் மனக்கிலேசத்துக்கும் ஈடு தரச் சொல்லவும் நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. அதிகாரம் இருப்பது வேறு, அதை நமக்குச் சாதகமாகச் செலுத்தும்படி செய்வது வேறு. அங்கேதான் அத்தாட்சி என்ற விஷயம் குறுக்கிடுகிறது. எனக்குத் தெரிந்த மட்டில் இவ்வழக்குகள் ஜெயிப்பதும் தோற்பதும் சட்ட ஞானத்தினால் அல்ல, துண்டுக் காகிதங்களினால்.

சர்வீஸ் சென்டரில் பொருளைக் கொடுக்கும்போது ஜாப் ஷீட் என்று ஒன்று தருகிறார்கள். பெரும்பாலோர் அதைப் படித்துப் பாராமலே கையொப்பமிட்டு, மடித்துப் பையில் வைத்துக்கொள்ளுகிறார்கள். பொருள் எந்த நிலையில் வந்தது, கீறல் உண்டா, நசுங்கல் உண்டா, வாடிக்கையாளர் சொன்ன பழுது என்ன, எந்தத் தேதியில் பெற்றார்கள் என்பதெல்லாம் பதிவாகும் பத்திரம் அதுதான். அதில் அவசரமாக "ஃபிசிகல் டேமேஜ்" என்று ஒரு வரி எழுதப்பட்டு, அதன்கீழ் உங்கள் கையொப்பமும் விழுந்துவிட்டால், பிற்பாடு ஆணையத்தின் முன் நின்று "நான் கீழே போடவே இல்லை" என்று எவ்வளவு உருக்கமாகச் சொன்னாலும் அந்தக் கையொப்பம் உங்களுக்கு எதிர்ச்சாட்சியாக நின்றுகொண்டிருக்கும். ஒப்புக்கொள்ள முடியாத வரியை அடிக்கச் சொல்லுங்கள். மறுத்தால், "இதை நான் ஏற்கவில்லை" என்று பக்கத்தில் எழுதிக் கையொப்பமிடுங்கள். கொடுக்குமுன் பொருளைச் சுற்றிலும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பழுதுக்காக மீண்டும் மீண்டும் போக நேர்ந்தால் ஒவ்வொரு முறையும் தனித்தனி ஜாப் ஷீட் கேட்டு வாங்குங்கள். அதே பழுது திரும்பத் திரும்ப வந்தது என்பதைக் காட்டிலும் வலுவான சாட்சியம், பிறவிக் குறைபாட்டுக்கு வேறு எளிதில் கிடைக்காது.

இனி அந்தத் தண்ணீர் விவகாரத்துக்கு வருகிறேன். இந்தப் பெட்டிகளுக்குள் அங்கங்கே சிறிய வெள்ளைத் துண்டு ஒன்றை ஒட்டி வைத்திருக்கிறார்கள். ஈரம் பட்டால் அது சிவந்துவிடும். சிவந்த துண்டைப் படமெடுத்துக் காட்டியவுடன் வாடிக்கையாளர் வாயடைத்துப் போகிறார். ஆனால் அந்தத் துண்டு சொல்லுகிற சாட்சியம் மிகவும் அற்பமானது. ஏதோ ஒரு காலத்தில், ஏதோ ஓர் அளவில், அந்த இடத்தில் ஈரம் பட்டது என்பதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது. எப்போது பட்டது, யார் கையில் இருக்கும்போது பட்டது என்பது தெரியாது. இன்றைய பழுதுக்கும் அந்த ஈரத்துக்கும் சம்பந்தம் உண்டா என்பதோ நிச்சயமாகத் தெரியாது. திரையில் விழுந்த கோட்டுக்குக் காரணம் ஈரமென்றால், எந்த இணைப்பில் துரு ஏறியிருக்கிறது, எந்த உறுப்பு அரித்துப்போயிருக்கிறது என்று காட்டவேண்டியவர், அந்தக் காரணத்தைச் சொல்லித் தம் பொறுப்பிலிருந்து நழுவ நினைக்கிறவர்தாம் என்பது என் வாதம்; நியாய உணர்வுள்ள எவரும் இதை மறுப்பார் என்று நான் நினைக்கவில்லை. தமக்கை மகளிடம் நான் சொன்னதும் இதைத்தான். "எந்த இடத்தில் ஈரம், எந்த உறுப்பு அதனால் கெட்டது, படத்தோடு எழுத்தில் வேண்டும் என்று ஒரு மின்னஞ்சல் எழுது, கடைக்கும் அதன் நகலை அனுப்பு, அதுவரை மதர்போர்டை மாற்றச் சம்மதிக்காதே, பெட்டியைப் பிரித்துப் போட்டபடி விடவும் சம்மதிக்காதே."

எழுத்தில் கேட்டவுடன் பேச்சின் தொனி மாறுவதை அவள் தானே கண்டாள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கும் பேசிப் புகாரைப் பதிவு செய்தாள். அவர்கள் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் உடையவர்களல்லர், ஸ்தாபனத்துக்கும் நமக்கும் இடையே நின்று தாக்கல் கொண்டுபோகிறவர்கள்தாம் என்றாலும், அந்தத் தாக்கல் சரியான மேஜைக்குப் போய்ச் சேருகிறது என்பதே ஒரு பெரிய பிரயோஜனம். கடைசியில் ஈரம் எங்கே என்ற கேள்விக்குப் பதிலே வரவில்லை. அதற்குப் பதிலாக, "நல்லெண்ண அடிப்படையில்" மதர்போர்டை இலவசமாக மாற்றித் தருவதாக ஒரு கடிதம் வந்தது. கூடவே, தான் முழுத் திருப்தி அடைந்ததாகவும் இனி இந்தப் பொருள் சம்பந்தமாக எந்தக் கோரிக்கையும் எழுப்புவதில்லை என்றும் கையொப்பமிடும்படி ஒரு படிவம். முதற்பாதிக்குக் கையொப்பமிட்டு, பிற்பாதியை அடித்துவிட்டு அனுப்பினாள். புதிதாகப் போட்ட உறுப்பு நாளைக்கே பழுதானால் என்ன செய்வது? ஸ்தாபனம் அதை ஆட்சேபிக்கவில்லை.

அது நடந்திராவிட்டால் ஆணையத்துக்குப் போயிருப்போம். போவதற்கான வழியையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதைப் பற்றிய பயம் அளவுக்கு மிஞ்சியது. பொருளுக்குக் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரையில் இருந்தால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையமே விசாரிக்கும். நம் வீட்டில் ஓடும் எந்த மின்னணுச் சாதனமும் அந்த எல்லைக்குள் அடங்கும். விலை 5 லட்சம் வரையில் கட்டணமே கிடையாது. பழைய சட்டத்தில் எதிர்த்தரப்பு இருக்கும் ஊரைத் தேடிப்போக வேண்டிய சங்கடம் இருந்தது. புதிய சட்டமோ புகார் கொடுப்பவர் குடியிருக்கும் ஊரில், அல்லது வேலை செய்யும் ஊரில், வழக்குத் தொடுக்க அனுமதிக்கிறது. இணையத்தில் வாங்கிய பொருளானாலும், தயாரித்த ஸ்தாபனம் டில்லியிலோ பெங்களூரிலோ இருந்தாலும், கும்பகோணத்துக்காரர் தஞ்சாவூருக்குப் போனால் போதும். புகாரையும்கூட இணையவழியில் தாக்கல் செய்யலாம். 2020-இல் இ-தாக்கில் என்ற பெயரில் தொடங்கிய அந்த வசதி இப்போது இ-ஜாக்ரிதி என்ற தளத்துக்கு மாறியிருக்கிறது. வக்கீல் வைத்துக்கொள்ளும் கட்டாயமில்லை. கடை, உற்பத்தியாளர் அல்லது இறக்குமதியாளர், சர்வீஸ் சென்டர் ஆகிய மூவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்த்துவிடுவது உத்தமம். இல்லாவிட்டால் இல்லாதவரைச் சுட்டிக்காட்டி இருக்கிறவர் தப்பித்துக்கொள்ளுவார்.

இங்கே என் தமக்கை மகளைப் போன்றவர்களுக்கு ஒரு சந்தேகம் எழும்: தொழிலுக்காக வாங்கிய பொருளுக்கு இந்தச் சட்டம் பொருந்துமா? வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று சட்டம் சொல்லுவது உண்மைதான். ஸ்தாபனங்களின் வக்கீல்கள் முதலில் எடுத்து வீசும் ஆயுதமும் அதுவே. ஆனால் சுயதொழில் செய்து ஜீவனம் நடத்துவதற்கென்றே வாங்கித் தாமே உபயோகிப்பவருக்குச் சட்டம் விலக்கு அளித்திருக்கிறது. லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் என்ற ஸ்தாபனத்துக்கும் கோயமுத்தூர் பி.எஸ்.ஜி. தொழிற்கூடத்துக்கும் இடையே ஓர் இயந்திரத்தைப் பற்றி எழுந்த வழக்கில், 1995-இல் உச்ச நீதிமன்றம் இதை விரிவாக ஆராய்ந்தது. பிறருக்குத் தட்டெழுதிக் கொடுத்துச் சம்பாதிக்க ஒருவர் வாங்கும் தட்டெழுத்து இயந்திரத்தை அங்கே உதாரணமாக எடுத்துக்கொண்டார்கள். பிழைப்புக்காகத் தாமே அதில் உட்கார்ந்து தட்டுகிறவர் நுகர்வோர்தாம். அந்த வழக்குத் தொடுத்த ஸ்தாபனம் மட்டும், அதன் தொழிலின் பரிமாணத்தைப் பார்த்து, நுகர்வோர் அல்லவென்று முடிவாயிற்று. அன்றைய தட்டெழுத்து இயந்திரத்தின் ஸ்தானத்தில்தான் இன்றைய மடிக்கணினி இருக்கிறது. புகார் மனுவிலேயே, ஜீவனத்துக்காகச் சுயமாக உபயோகிக்கிறேன் என்று ஒரு வாக்கியம் எழுதிவிடுவது புத்திசாலித்தனம்.

காலவரம்பைப் பற்றி இரண்டு வார்த்தை. வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கவேண்டும். கடிதம் எழுதிக்கொண்டே இருந்தால் காலம் நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், அது நிற்பதில்லை. "மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறோம், பொறுத்திருங்கள்" என்ற இனிய பதில்களில் மயங்கி இரண்டாண்டுகளைத் தொலைத்துவிட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆணையம் சீக்கிரம் முடிக்குமா என்று கேட்டால், சட்டத்தில் எழுதியிருப்பது ஒன்று, நடப்பது ஒன்று. எதிர்த்தரப்பு நோட்டீஸ் பெற்றதிலிருந்து 3 மாதத்துக்குள், ஆய்வுக்கூடப் பரிசோதனை வேண்டியிருந்தால் 5 மாதத்துக்குள், முடிக்க முயலவேண்டும் என்று சட்டம் சொல்லுகிறது. அந்தப் பரிசோதனைக்கும் ஒழுங்கான முறை உண்டு: பொருளை முத்திரையிட்டுத் தகுந்த ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, 45 நாளில் அறிக்கை பெறவேண்டும், அதற்கான செலவை முதலில் புகார்தாரர் கட்டவேண்டியிருக்கும். எதிர்த்தரப்பு பதில் கொடுக்க 30 நாளும், அதன்மேல் 15 நாளும்தான் அவகாசம். அதற்கு மேல் ஒரு நாளும் நீட்டிக்க முடியாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. இருந்தும், நாற்காலிகள் காலியாகக் கிடப்பதும் வாய்தாக்கள் நீளுவதும் நம் தேசத்தின் பொதுவியாதி. மாதங்கள் ஆண்டுகளாவதைத் தடுக்க ஒருவராலும் முடியவில்லை. ஆகையால், ஒரு நல்ல சமரசம் வந்தால் வீம்புக்காக அதைத் தள்ளாதீர்கள் என்றே சொல்லுவேன். ஜெயித்த பிறகும் உத்தரவை மதிக்காத ஸ்தாபனத்தின் பொறுப்பாளர்களுக்கு ஒரு மாதத்துக்குக் குறையாமல் மூன்று ஆண்டு வரை சிறையோ, 25,000 ரூபாய்க்குக் குறையாமல் ஒரு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க வழியிருக்கிறது. அப்படித் தண்டிக்கக் கோரும் மனுவைத் தாக்கல் செய்தவுடனே பல காசோலைகள் எழுதப்படுகின்றன.

வாரண்டி முடிந்தபின் பழுதானால்? இதில் நம் சட்டம் இங்கிலாந்துச் சட்டத்துக்குப் பின்தங்கியிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அங்கே 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தின்படி, முதல் 30 நாளில் குறையுள்ள பொருளை நிராகரித்துப் பணத்தைத் திரும்பப் பெறலாம். ஆறு மாதத்துக்குள் தோன்றிய பழுது வாங்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்பட்டு, இல்லையென்று நிரூபிக்கும் பாரம் விற்றவர் தலையில் ஏறும். அத்தகைய அனுமானம் எதையும் நம் சட்டம் எழுதி வைக்கவில்லை. வாரண்டி முடிந்த மறுமாதம் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி கெட்டுவிட்டால், அது உற்பத்தியிலேயே இருந்த குறைபாடு என்று நாம்தான் காட்டவேண்டும். காட்ட முடிந்தால், அட்டையிலுள்ள தேதி குறுக்கே நிற்க வேண்டிய அவசியமில்லை, காட்டுவதுதான் கஷ்டம். அதே மாடலில் அதே பழுது பலருக்கு வந்திருப்பதும், அதற்காகவே ஸ்தாபனம் சிலருக்கு இலவசமாக மாற்றிக் கொடுத்திருப்பதும் தெரியவந்தால், அந்தச் சமாசாரங்களைத் தேதியோடு சேகரித்து வைத்துக்கொள்ளுவது உதவும். கடையில் கூடுதல் பணம் வாங்கிக்கொண்டு தலையில் கட்டும் எக்ஸ்டெண்டட் வாரண்டியைப் பற்றி எனக்கு உயர்ந்த அபிப்பிராயம் இல்லை. அநேகமாக அதைத் தருபவர் உற்பத்தியாளர் அல்லர், வேறொரு கம்பெனி, அதன் விலக்குகளின் பட்டியல் மூலவாரண்டியைவிட நீளம்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று, வழக்குக்கும் வாரண்டிக்கும் அப்பால் இருக்கிறது. வால்வு ரேடியோவுக்குத் தபாலாபீசில் லைசென்ஸ் கட்டிய நாளில், தெருக்கோடியிலிருந்த மெக்கானிக் கெட்டுப்போன வால்வை மட்டும் கழற்றி வேறொன்றைப் பொருத்திக் கொடுத்தார். இன்றைய மடிக்கணினியில் நினைவகமும் பிறவும் மதர்போர்டோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டிருப்பதால், ஒரு சிறு சில்லு கெட்டாலும் பலகை முழுவதையும் மாற்று என்கிறார்கள். எழுபதாயிரம் ரூபாய் எஸ்டிமேட்டின் ரகசியம் அதுதான். பழுதுபார்க்கும் உரிமைக்கென்று மத்திய அரசு 2022 டிசம்பர் 24-இல் ஒரு வலைத்தளம் திறந்து, கைப்பேசி, வீட்டுச் சாதனம், வாகனம், விவசாயக் கருவி ஆகியவற்றைத் தயாரிப்பவர்கள் தங்கள் உதிரிபாகங்களையும் பழுதுபார்க்கும் விவரங்களையும் ஓரிடத்தில் தெரிவிக்க ஏற்பாடு செய்தது. விவரம் தெரிவிப்பது நல்லதே. ஆனால் சுதந்தரமான மெக்கானிக்குக்கும் அந்த உதிரிபாகத்தை நியாயமான விலைக்கு விற்றே தீரவேண்டும் என்று கட்டாயப்படுத்தும் விதி வந்தாலொழிய, அந்த ஏற்பாடு ஒரு விலாசப் புத்தகத்துக்கு மேல் ஆகாது. என் தமக்கை மகளின் மடிக்கணினியில் மாற்றிப்போட்ட மதர்போர்டு இப்போது ஒழுங்காக ஓடுகிறது. ஆனால் வாரண்டியோ முடிந்துவிட்டது, பாட்டரி உப்ப ஆரம்பித்திருக்கிறது. கும்பகோணத்துக் கடைவீதியில் கைதேர்ந்த ஒருவர் அதை அரைமணி நேரத்தில் மாற்றித் தருவார். கம்பெனியின் அசல் பாட்டரி அவருக்குக் கிடைப்பதில்லை என்பதால், மறுபடியும் அவள் திருச்சி பஸ்ஸுக்குத்தான் டிக்கெட் எடுக்கவேண்டியிருக்கிறது.